சிஸ்டரைக் கேளுங்க: கேன்சர் வார்டில் நல்ல கவனிப்பை எதை வைத்து அளப்பது?

போன இதழில் கீமோ வார்டு பற்றி நாலு வரி எழுதப் போக, தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடிதமாக வந்து குவிந்துவிட்டது. டாக்டர் எப்படி என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் போகிறோம், ஆனால் ராத்திரி பகலாகப் பக்கத்தில் இருக்கிற நர்ஸ்களின் கவனிப்பு சரியா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. சிஸ்டர்கள் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் பேசுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு ஃபாரம் கொடுத்து ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்கிறார்கள். துபாயில் இருக்கிற காக்கா (அண்ணன்) ஐந்தும் போட்டுவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை, என்ன குறை என்று சொல்லவும் தெரியவில்லை. எதைப் பார்க்கணும் அக்கா?
— வாசகி, கீழக்கரை

சிரித்த முகம் வேண்டியதுதான் தங்கச்சி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சிரித்துக்கொண்டே தப்பான மருந்தையும் ஏற்றிவிட முடியும். ஸ்டார் ஃபாரத்தில் நீங்கள் போடுவது உங்களுக்கு ஏற்பட்ட திருப்தி. கவனிப்பின் தரம் வேறு. இரண்டும் சில நேரம் ஒன்றாகப் போகும், சில நேரம் போகாது.

டொனபேடியன் என்று அமெரிக்காவில் ஒரு மருத்துவர் இருந்தார், 1966-இல் அவர் சொன்ன கணக்கைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் வைத்திருக்கின்றன: என்ன வசதியும் ஆளும் இருக்கிறது, என்ன வேலை நடக்கிறது, கடைசியில் நோயாளிக்கு என்ன ஆனது. இந்த மூன்றில் முதலாவதை ஆஸ்பத்திரி விளம்பரத்திலேயே போட்டுவிடும். மூன்றாவது தெரிய மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஆகும். அட்டெண்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிவது நடுவில் இருப்பது, அதாவது நடக்கிற வேலை. அதைப் பாருங்கள்.

கீமோ அன்றைக்குக் காலையில் உம்மாவின் எடையைப் பார்த்தார்களா, அல்லது போன தடவை எழுதின எடையையே ஒப்பேற்றினார்களா? பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவை உயரம், எடை இரண்டையும் வைத்து உடல் பரப்புக்குக் கணக்குப் பண்ணுகிறார்கள். வாந்தியிலும் சாப்பாடு இறங்காமலும் ஆறு கிலோ இளைத்தவருக்குப் பழைய எடைக்குப் போட்ட அளவு சரியாக இருக்காது. அப்புறம் மருந்துப் பையை மாட்டுகிறதற்கு முன்னால் பயிற்சி பெற்ற இரண்டு பேர் பக்கத்தில் நின்று பெயர், எண், மருந்து, அளவு எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பெயரைக் கேட்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. "பாத்திமா தானே?" என்று கேட்டால், வாந்தி மருந்து மயக்கத்தில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் "ஆமா" என்று தலையாட்டுவார். "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் சொன்ன பெயரைக் கையில் கட்டிய பட்டையோடு சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. நம்ம பக்கத்தில் ஒரே வார்டில் இரண்டு பாத்திமாவும் மூன்று முத்துலெட்சுமியும் இருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. கட்டில் நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற சிஸ்டரிடம் தயங்காமல் உம்மாவின் முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

இதெல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று: போன தடவை கீமோ முடிந்து வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருந்தது என்று யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? எத்தனை நாள் வாந்தி, வாய்ப்புண் வந்ததா, விரல் நுனி மரத்துப்போகிறதா, ராத்திரி தூக்கம் உண்டா. இது நலம் விசாரிக்கிற சமாச்சாரம் இல்லை. நியூயார்க்கில் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில், நோய் பரவிய நிலையில் இருந்த 766 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரிடம் 12 வகையான தொந்தரவுகளைப் பற்றி ஒழுங்காகக் கேட்டுப் பதிவு செய்தார்கள், ஏதாவது முற்றினால் நர்ஸுக்கு உடனே தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-இல் முடிவு வந்தபோது, கேட்டுப் பதிந்த குழுவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம். புது மருந்து ஒன்றுமே இல்லை, கேட்டார்கள், கேட்டதைக் கேட்டு யாரோ ஒருவர் நடவடிக்கை எடுத்தார், அவ்வளவுதான். அதனால் காக்காவிடம் சொல்லுங்கள், ஸ்டார் கட்டத்தை விட்டுவிட்டு ஃபாரத்தின் பின்பக்கம் "போன தடவை எப்படி இருந்தது என்று கேட்டார்கள் / கேட்கவில்லை, எடை பார்த்தார்கள் / பார்க்கவில்லை" என்று எழுதப் போகிறேன் என்று. ஐந்து ஸ்டாரை விட அந்த இரண்டு வரி அந்த ஆஸ்பத்திரிக்கு அதிகம் உதவும்.

வீட்டுக்காரருக்கு வாயில் கேன்சர். கன்னத்தில் ஆபரேஷன் முடிந்து இப்போது கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். சிஸ்டர் வந்து வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் "ரெண்டு" என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு துண்டைக் கடிப்பார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் போட்டில் ஏறிவிடணும், வலி என்று சொன்னால் இன்னும் நாள் இழுப்பார்கள் என்று அவராக ஒரு கணக்கு. ஷீட்டில் ரெண்டு என்றே எழுதியிருக்கிறது. இந்த நம்பருக்கு என்ன மதிப்பு?
— வாசகி, தங்கச்சிமடம்

அப்படியே எழுதி வைத்துக்கொண்டால் ஒரு மதிப்பும் இல்லை. கடலுக்குப் போகிற ஆம்பிளைகளிடம் வலியைப் பற்றி நேராகக் கேட்டால் நேரான பதில் வராது என்பது நம்ம கரையில் வேலை பார்த்த எந்த நர்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சும்மா படுத்திருக்கும்போது எவ்வளவு என்று கேட்பதை விட, எச்சில் விழுங்கும்போது எவ்வளவு, கஞ்சி எத்தனை வாய் இறங்குகிறது, ராத்திரி எத்தனை தடவை முழித்தீர்கள் என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும். அதோடு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கதிர்வீச்சில் வருகிற வாய்ப்புண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் பூஜ்யத்திலிருந்து நாலு வரை படிநிலை வைத்திருக்கிறது. மூன்று என்றால் திரவம் மட்டும்தான் இறங்கும், நாலு என்றால் வாய் வழியாக எதுவுமே முடியாது. வாய் மூன்றில் இருக்கும்போது வலி மட்டும் இரண்டில் இருப்பதாக ஷீட் சொன்னால் அந்த நம்பரை நம்பாமல் அந்த மனுஷனைப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வலி ஷீட்டைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது மை. எட்டு மணிக்கு 2, பன்னிரண்டு மணிக்கு 2, நாலு மணிக்கு 2, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். அப்படி இருந்தால் டியூட்டி முடிகிற நேரத்தில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது என்று அர்த்தம். அப்படி நிரப்பின ஷீட் இருக்கிற வார்டு, மேலே போகிற அறிக்கையில் நூற்றுக்கு நூறு வாங்கும், ஏனென்றால் "எல்லா நோயாளிக்கும் வலி கேட்கப்பட்டதா" என்று மட்டும்தான் அறிக்கையில் கேள்வி இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வலி நாலோ அதற்கு மேலோ சொன்னவர்களில் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தார்கள், கொடுத்த பிறகு எத்தனை பேரிடம் திரும்ப வந்து "இப்போ எப்படி இருக்கு" என்று கேட்டு எழுதினார்கள்? வாயில் கொடுக்கிற மார்ஃபின் முழுவேகத்தில் வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், ஆகவே ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்து பார்க்க வேண்டும். கையில் கிடைக்கிற இருபது கேஸ் ஷீட்டைப் பிரித்து இந்த ஒன்றை மட்டும் எண்ணினால் போதும், அந்த வார்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அவர் முன்னால் வேண்டாம், வராந்தாவில் சிஸ்டரைப் பிடித்து, துண்டைக் கடிக்கிறார் என்று சொல்லுங்கள். "மனைவி சொன்னது" என்று அதை ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதுவதற்கு இடம் உண்டு. மார்ஃபின் என்ற பேச்சு வந்தால் பயந்துவிடாதீர்கள், கடைசிக் கட்டத்துக்கு மட்டும் கொடுக்கிற மருந்து என்பது ஊர்ப் பேச்சு. கூடவே மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், மார்ஃபின் ஆரம்பித்த அன்றைக்கே அதுவும் ஆரம்பிக்க வேண்டும். "வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு" என்று தானாகக் கேட்கிற சிஸ்டர் கிடைத்தால் நல்ல கையில் இருக்கிறீர்கள். வலி இருந்தால் கரண்ட் வைப்பதை நிறுத்திவிட மாட்டார்கள் என்பதையும் அவருக்கு டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வாய் கொப்பளிக்க நம்ம ஊர்க் குழாய்த் தண்ணியின் உப்புக் கரிப்பு வேண்டாம். காய்ச்சி ஆறின நல்ல தண்ணி ஒரு டம்ளரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு போட்டு, ஒரு நாளைக்குப் பல தடவை கொப்பளிக்கலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் என்ஏபிஹெச் (ஆஸ்பத்திரித் தரச் சான்று) போர்டு தொங்கினால் நர்சிங் கவனிப்பும் நன்றாக இருக்கும் என்று நம்பலாமா?
— வாசகர், தேவிபட்டினம்

போர்டு இருந்தால், விழுந்தவர்கள், படுக்கைப்புண் வந்தவர்கள், மருந்து மாறியது இதையெல்லாம் எண்ணிப் பதிகிற ஒரு ஏற்பாடு அங்கே இருந்தாக வேண்டும். அந்த அளவுக்கு நல்லது. நைட் டியூட்டியில் உங்கள் வார்டில் எத்தனை சிஸ்டர் என்பது போர்டில் இருக்காது. அதை நேராகக் கேளுங்கள்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் கேன்சர் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். மாதாமாதம் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் என்று இன்சார்ஜ் கணக்குக் கேட்கிறார். உண்மையை எழுதினால் மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். போன மாதம் பக்கத்து வார்டில் பூஜ்யம் எழுதிப் பாராட்டு வாங்கிவிட்டார்கள். நைட்டில் நான் ஒருத்திதான். இதில் தரத்தை அளந்து என்ன ஆகப்போகிறது மேடம்?
— ஸ்டாஃப் நர்ஸ், உச்சிப்புளி

கோபம் நியாயம்தான்மா. மீனவர் எவ்வளவு பிடித்தார் என்றால் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டிவிடலாம். நம்ம வேலையில் நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, நடக்காததை எடுத்துக் காட்ட முடியாது. அதனால்தான் நடந்ததை எண்ணுகிறார்கள். எண்ணுவதில் தப்பில்லை, எண்ணுகிற முறையிலும் எண்ணின பிறகு நடக்கிறதிலும்தான் கோளாறு.

முதலில் உங்கள் இன்சார்ஜிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 30 கட்டில் வார்டு, 30 நாளும் நிறைந்திருந்தது என்றால் 900 நோயாளி-நாள். அதில் மூன்று பேர் விழுந்தால் ஆயிரம் நோயாளி-நாளுக்கு 3.3. பக்கத்தில் 10 கட்டில் வார்டு, 300 நோயாளி-நாள், இரண்டு பேர்தான் விழுந்தார்கள், ஆனால் ஆயிரத்துக்கு 6.7. மூன்றை விட இரண்டு சின்னது என்று சொல்லிப் பாராட்டினால், மோசமான வார்டுக்கு மாலை போட்டதாக ஆகும். வகுக்காமல் எந்த எண்ணிக்கையையும் மீட்டிங்கில் வைக்கக் கூடாது.

அப்புறம் பூஜ்யம். கேன்சர் வார்டில் மாசாமாசம் பூஜ்யம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ரத்தம் குறைந்து தலைசுற்றுகிறவர்கள், வின்கிரிஸ்டின், பேக்ளிடாக்செல் மாதிரி கீமோ மருந்து போட்டுப் பாதம் மரத்தவர்கள், தூக்க மருந்து சாப்பிட்டவர்கள், ராத்திரி மூன்று மணிக்கு டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பாத்ரூம் போகிறவர்கள், இவர்கள் இருக்கிற இடத்தில் ஒருவர் கூட வழுக்கவே இல்லையா? பிளேட்லெட் குறைந்தவர் சும்மா உட்கார்ந்த மாதிரி சறுக்கினாலும் அது பெரிய விஷயம். அதை எழுதாமல் விட்டால் அடுத்த ஷிப்டுக்குத் தெரியாது, தலைக்குள் ரத்தம் கசிந்தாலும் யாரும் தேட மாட்டார்கள். எழுதினவரைத் திட்டுகிற ஆஸ்பத்திரி அடுத்த மாதத்திலிருந்து பொய்யைத்தான் வாங்கிக்கொள்ளும். இதை மேட்ரன்கள் யாராவது படித்தால் நல்லது.

படுக்கைப்புண்ணில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: அட்மிஷன் அன்றைக்கே முதுகைத் திருப்பிப் பார்த்து எழுதிவிடுங்கள். வீட்டிலிருந்து வரும்போதே இருந்த புண் உங்கள் கணக்கில் ஏறக் கூடாது. யாருக்குப் படுக்கைப்புண் வரலாம் என்று கணிக்க 1987-இலிருந்து புழக்கத்தில் இருக்கிற பிரேடன் அளவுகோலை நர்சிங் படிக்கும்போது மனப்பாடம் செய்திருப்பீர்கள், ஆறு தலைப்பு, மொத்தம் 6 முதல் 23, பதினெட்டும் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து. மதிப்பெண் போட்டதோடு முடித்துவிடுகிற பழக்கம்தான் நான் பார்த்த குறை. 13 என்று எழுதியிருக்கும், அதற்குப் பிறகு திருப்பிப் படுக்க வைத்த நேரம் எதுவுமே இருக்காது.

நைட்டில் ஒருத்தி என்கிறீர்களே, அதுவும் ஒரு அளவுதான், உண்மையில் அதுதான் முதல் அளவு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து 2002-இல் வந்த ஆய்வில், ஒரு நர்ஸின் தலையில் ஒரு நோயாளி கூடக்கூட, 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். அவர்கள் கேன்சர் நோயாளிகள் மட்டும் இல்லை, நம்ம ஊரும் இல்லை, இருந்தாலும் திசை புரிகிறதல்லவா? ஆகவே அந்த மாதாந்திர அறிக்கையில் விழுந்தவர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, அன்றைக்கு அந்த ஷிப்டில் எத்தனை நர்ஸ், எத்தனை நோயாளி என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள். ஆறு மாதம் சேர்ந்தால் நீங்கள் வாயைத் திறக்காமலே அந்தக் கட்டம் பேசும்.

கீமோ முடிந்து ராமேஸ்வரம் வந்து ஒன்பதாவது நாள் ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம், விடியும்போது பேச்சு குளறி 108-இல் ஏற்றினோம். பிழைத்துவிட்டார்கள். இதில் யார் மேல் தப்பு?
— வாசகர், ராமேஸ்வரம்

அம்மா தேறி வந்ததே போதும், உங்கள் மேல் தப்பு இல்லை. கீமோ முடிந்த ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும், அந்த நாட்களில் வருகிற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கு உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். "சொன்னோமே" என்பார்கள். பில் கட்டுகிற அவசரத்தில், வண்டிக்காரர் ஹார்ன் அடிக்கிற நேரத்தில், பத்து விஷயத்தோடு பதினோராவதாகச் சொல்லியிருப்பார்கள். நல்ல நர்ஸ் சொல்லிவிட்டுப் போக மாட்டார், உங்களைத் திரும்பச் சொல்ல வைப்பார்: "ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் அடிக்குது, என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்." உங்கள் வாயிலிருந்து சரியான பதில் வந்தால்தான் அவர் சொல்லிக் கொடுத்ததாகக் கணக்கு.

இனிமேலுக்கு: வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். 100.4 டிகிரி ஒரு மணி நேரமாக இறங்காமல் நின்றாலோ, ஒரே ஒரு தடவை 101 தொட்டாலோ, மாத்திரையைப் போட்டுக் காய்ச்சலை மறைக்காமல், நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். குளிர் நடுக்கமோ, தடுமாற்றமோ இருந்தால் டிகிரிக்காகக் கூடக் காத்திருக்க வேண்டாம். மதுரை 170 கிலோமீட்டர், அங்கேதான் போவேன் என்று நிற்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலிலேயே "கீமோ முடிஞ்சு ஒன்பது நாள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டும் என்பது உலக அளவில் ஒத்துக்கொண்ட விதி. கேன்சர் நோயாளிகளைக் கவனிக்கிற எந்த அவசரப் பிரிவுக்கும் இதை விடச் சுத்தமான அளவு கிடையாது. வந்த நேரம் என்ன, ஊசி போட்ட நேரம் என்ன, இரண்டும் சீட்டில் இருக்கும், கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிவப்பு மருந்து ஏறும்போது கை எரிகிறது என்று அப்பா சொன்னார். சிஸ்டர் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். சரிதானா?
— வாசகி, தொண்டி

சரியில்லை. அந்தச் சிவப்பு மருந்து டாக்சோரூபிசினாகத்தான் இருக்கும், நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே அழித்துவிடும். எரிகிறது என்று சொன்ன நொடியில் மருந்தை நிறுத்திவிட்டு, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபேச்சு. நீங்களாகத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். டாக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், மாற்றிக் கொடுத்தால் கேடு. அடுத்த தடவையும் அதே பதில் வந்தால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லிச் சத்தம் போடலாம், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆத்தாவுக்கு இனிமேல் மருந்து இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். வந்து பத்து நிமிஷத்தில் போய்விடுகிறார். இது போதுமா? நாங்கள் என்ன கவனிக்கணும்?
— வாசகர், வாலிநோக்கம்

நிமிஷத்தை எண்ண வேண்டாம் தம்பி. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது, நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும், உங்கள் வீட்டிலிருந்து அடுத்த வீடு எத்தனை மைல் தள்ளியோ. பத்து நிமிஷத்தில் அவர் போர்வையை விலக்கிக் குண்டியையும் குதிகாலையும் பார்த்தாரா? நேற்று ராத்திரி வலி எப்படி என்று ஆத்தாவிடமே கேட்டாரா, அல்லது உங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டாரா? மார்ஃபின் மாத்திரை எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணினாரா? போன தடவை சொன்ன மலச்சிக்கல் என்ன ஆயிற்று என்று ஞாபகமாகக் கேட்டாரா? இந்த நாலும் இருந்தால் பத்து நிமிஷமே தாராளம். பிரஷர் மட்டும் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார் என்றால் அரை மணி நேரம் இருந்தாலும் வீண்.

இன்னொன்றும் பார்ப்பேன் நான்: ஆத்தாவைப் பார்த்துக்கொள்கிறவர் யார், அவர் தூங்கினாரா என்று சிஸ்டர் கேட்கிறாரா. உங்கள் வீட்டில் அது அநேகமாக உங்கள் மனைவியாகவோ தங்கச்சியாகவோ இருக்கும், கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. நம்ம தோல் நிறத்தில் புண் வருவதற்கு முந்தின சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஒரு இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அங்கே ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவே கூடாது. காற்றடைத்த வளையம் வாங்கிக் குண்டிக்கு அடியில் வைக்கிறார்கள், அதுவும் வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். ஒரு நோட்டுப் போட்டு திருப்பின நேரம், மாத்திரை கொடுத்த நேரம், வலி எவ்வளவு, வெளிக்குப் போனாரா என்று எழுதி வைத்தால், வருகிற சிஸ்டருக்குப் பாதி வேலை மிச்சம், அந்தப் பத்து நிமிஷத்தை ஆத்தாவோடு பேசவும் வைத்துக்கொள்வார்.

எங்க அப்பாவை ஒரு சிஸ்டர் பெற்ற மகள் மாதிரி பார்த்துக்கொண்டார். அடுத்த தடவை கீமோவுக்குப் போகும்போது அவருக்கு நல்ல நெய்மீன் கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கலாமா?
— வாசகி, பாம்பன்

கீமோ வார்டுக்குள் கருவாட்டைக் கொண்டுபோனால் அந்தச் சிஸ்டரே உங்களை விரட்டுவார். அங்கே படுத்திருக்கிறவர்களுக்குப் பக்கத்து கட்டில் சாம்பார் வாசனையே குமட்டும். அதோடு, பெரும்பாலான இடங்களில் நோயாளி வீட்டிலிருந்து எதுவும் வாங்கக் கூடாது என்று விதியும் இருக்கும், அவரை இக்கட்டில் மாட்டிவிடாதீர்கள். மேட்ரனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "நன்றாகப் பார்த்துக்கொண்டார்" என்று எழுதினால் ஃபைலில் போய்த் தூங்கும். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், என்ன செய்தார் என்று எழுதுங்கள்: நைட் டியூட்டியில் அப்பாவுக்கு வலி மாத்திரை கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்து கேட்டார், குறையவில்லை என்றதும் டாக்டருக்குப் போன் போட்டார், இந்த மாதிரி. கருவாடு, சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகு அவர் பாம்பனுக்கு வந்தால் வீட்டில் வைத்துக் குழம்பாகப் போடுங்கள்.